எம்.ஏ சோசியாலஜி (சமூகவியல்) ரெண்டு வருசம் படிச்சு முடிச்சாச்சு, சேரலாமான்னு கேக்குறவங்களுக்கு

சொந்த ஊரு திருநெல்வேலி ஜில்லா முக்கூடல் பக்கம், பி.காம் முடிச்சிட்டு எம்.ஏ சோசியாலஜி சேந்தேன், நாலு செமஸ்டரும் போன மே மாசத்தோட முடிஞ்சிது. ஊர்ல தங்கச்சிமாரு நெறைய பேரு "யக்கா சேரலாமா, வேலை கெடைக்குமா"ன்னு கேட்டுக்கிட்டே இருக்காவ, ஒவ்வொருத்தருக்கா சொல்லுறதுக்கு மொத்தமா இங்கன எழுதிருதேன். காலேஜ் பேரு வேண்டாம், படிப்ப பத்தி மட்டும் சொல்லுதேன்.

மொதல்ல ஒண்ணு தெளிவா தெரிஞ்சிக்கிடுங்க, சோசியாலஜி வேற, சோசியல் வொர்க் வேற. ஆஸ்பத்திரி, என்ஜிஓ, கவுன்சிலிங் இந்த மாதிரி வேலைக்கு ஆள் எடுக்கையில பெரும்பாலும் எம்.எஸ்.டபிள்யூ, அதாவது சோசியல் வொர்க் படிப்பு தான் கேப்பாவ. ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சு சேந்துட்டு ரெண்டாவது செமஸ்டர்ல அழுத புள்ளைய நான் பாத்துருக்கேன், பாவமா இருந்துச்சு.

மொத செமஸ்டர் முழுக்க தியரி. கோம்த், மார்க்ஸ், துர்கைம், வெபர்னு இந்த படிப்புக்கு அடித்தளம் போட்டவங்க வரிசையா வருவாவ, முதல் ஒரு மாசம் ஒண்ணும் ஓடாது, விட்டுராதீங்க. எனக்கு பிடி கெடைச்சது துர்கைம்ல தான். 1897ல தற்கொலைய பத்தி ஒரு ஆராய்ச்சி எழுதுனாரு, தற்கொலைய தனி ஆளோட மனசு சம்பந்தப்பட்டதுன்னு தான நாம நெனைப்போம், அவரு நாடு நாடா கணக்க எடுத்து வச்சு, கத்தோலிக்கர்ட்ட கம்மியா இருக்கு புராட்டஸ்டன்ட்ட கூட இருக்கு, குடும்பம் குட்டின்னு இருக்கவங்கள்ட்ட கம்மி தனியா இருக்கவங்கள்ட்ட கூடன்னு காட்டி, ஒரு ஆளு சுத்தி உள்ளவங்களோட எவ்வளவு ஒட்டி இருக்கான்ங்கிறதுல தான் இது கெடக்குன்னு சொன்னாரு. அத படிச்ச அன்னைக்கு ஹாஸ்டல்ல ராத்திரி தூங்கல.

சாதி பத்தின பேப்பர் நம்ம ஜில்லாக்காரங்களுக்கு தனியா புரியும். எம்.என். சீனிவாஸ்னு நம்ம நாட்டு சோசியாலஜி அறிஞரு, 1948ல மைசூர் பக்கம் ராம்புரான்னு ஒரு ஊர்ல போய் தங்கி படிச்சவரு, ஆதிக்க சாதின்னு அவரு சொன்னதுக்கு தலைக்கட்டு எண்ணிக்கை, நெலம், அதிகாரம்னு அடையாளம் வச்சிருக்காரு. அத படிச்சிட்டு லீவுக்கு ஊருக்கு வந்தா டீக்கடை பெஞ்சுல யாரு உக்காந்துருக்கா, கோயில் கொடையில மொத மரியாதை யாருக்குன்னு எல்லாமே வேற மாதிரி தெரியும். 2023ல நாங்குநேரில சாதி வெறில ஒரு பள்ளிக்கூட பையன கூடப் படிச்ச பயலுவளே வீடு புகுந்து வெட்டுனத எல்லாரும் அறிவோம், அதுக்கப்புறம் நீதியரசர் சந்துரு கமிட்டி பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க கையில சாதிய காட்டுத கலர் கயிறு கட்டக்கூடாதுன்னு 2024ல சொல்லிச்சு. நாங்களும் அந்த கயித்த பாத்து வளந்தவங்க தான், அதுக்குள்ள என்ன இருக்குன்னு ஒக்காந்து பேச ஒரு வகுப்பு கெடைச்சதே எனக்கு பெரிய விசயம்.

ஆனா இந்த படிப்போட உசுரு ஃபீல்டு வொர்க் தான். மூணாவது செமஸ்டர்ல எங்க ஊர்லயே பீடி சுத்துற வீடுகள்ல சர்வே எடுத்தேன். கொஸ்டினேர்னா பதில் சொல்லுறவங்களே எழுதி குடுக்கது, ஷெட்யூல்னா நாம கேட்டு நாம நெரப்புறது, நான் எடுத்துட்டு போனது ஷெட்யூல். பக்கத்து தெரு ஆச்சி ஒருத்தி, மடியில சுளகு, இலைய கத்தரிச்சு தூள வச்சு சுருட்டி நூல கட்டி முனைய மடக்கி, கை நிக்கவே இல்ல. "தொழில் என்ன ஆச்சி?"ன்னு கேட்டேன். "தொழிலா, சும்மா வீட்ல தான்ட்டி இருக்கேன்"னு சொல்லிட்டு அடுத்த இலைய எடுத்தா. ஆயிரத்துக்கு இவ்வளவுன்னு கூலி வாங்கி மூணு பிள்ளைய கட்டிக்குடுத்தவ. நான் பேனாவ வச்சிக்கிட்டு அப்படியே இருந்தேன், எங்கம்மைக்கும் ரேஷன் கார்டு விவரத்துல இல்லத்தரசின்னு தான சொன்னோம்னு நெஞ்சுல அடிச்சிது. பெண்கள் உழைப்பு கணக்குல வரலன்னு புத்தகத்துல பத்து பக்கம் படிச்சது அந்த ஒத்த பதில்ல இருந்துச்சு.

இன்னொண்ணு. மெட்ராஸ் யுனிவர்சிட்டில பொருளாதார பேராசிரியரா இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர் 1916 வாக்குல மாணவங்க கையில கேள்விய குடுத்து கிராமங்கள படிக்க வச்சாரு, 1918ல அது புத்தகமா வந்துச்சு, அதுல ஒரு ஊரு நம்ம கங்கைகொண்டான்! 1930கள்ல திரும்ப போய் பாத்தாவ, அப்புறம் 60கள்ல, 80கள்லயும் ஆராய்ச்சிக்காரங்க போயிருக்காவ. இப்ப அங்கன சிப்காட் தொழிற்பேட்டை இருக்கு. தாண்டி போற பஸ்ல இருந்து நான் எத்தனை தடவ அந்த ஊர பாத்துருப்பேன், நூறு வருச கணக்கு இருக்கிற ஊருன்னு யாரும் சொல்லல. ப்ராஜெக்ட்க்கு தலைப்பு தேடுறவங்க இத பாத்துக்கிடுங்க.

கொறைன்னா, நல்ல புத்தகம் முக்காவாசி இங்கிலீஷ்ல தான். தமிழ் மீடியத்துல வந்த பிள்ளைங்களுக்கு மொத வருசம் ரொம்ப கஷ்டம், நான் ஒரு நோட்டு போட்டு ஒவ்வொரு வார்த்தைக்கும் எனக்கு புரியுற தமிழ எழுதி வச்சேன், அது தான் காப்பாத்துச்சு. அந்த பயத்துல டவுன்ல ஒரு இடத்துல 600 ரூவா குடுத்து கைடு வாங்குனேன், வெபர் எழுதுனத துர்கைம் பேர்ல போட்டுருந்தான், ஆண்டும் தப்பு. அத நம்பி இன்டர்னல்ல எழுதி மார்க் போச்சு. கைடு வாங்காதீங்க, அந்த காசுக்கு மூலத்துல இருந்து நாலு அத்தியாயம் ஜெராக்ஸ் எடுங்க.

வேலை: படிப்ப முடிச்ச கையோட கூப்புட்டு குடுக்க மாட்டாவ, அத மறைக்க மாட்டேன். காலேஜ்ல வாத்தியாராகணும்னா யுஜிசி நெட் இல்ல செட்னு தகுதித் தேர்வு எழுதணும், ஜேஆர்எஃப்ங்கிற உதவித்தொகை கெடைச்சா ஆராய்ச்சிக்கு மாசம் 37,000 ரூவா வரும். யுபிஎஸ்சி மெயின்ஸ்ல சோசியாலஜிய விருப்பப் பாடமா எடுத்தா ரெண்டு பேப்பர், மொத்தம் 500 மார்க். சர்வே கம்பெனி, ஆராய்ச்சி ப்ராஜெக்ட்ல எல்லாம் எஸ்பிஎஸ்எஸ்னு சர்வே கணக்கு போடுத சாஃப்ட்வேர் தெரிஞ்ச ஆளுக்கு மதிப்பு, ஸ்டேடிஸ்டிக்ஸ் பேப்பர பயந்து ஒப்பேத்திராதீங்க. நான் இப்ப நெட்டுக்கு படிச்சிக்கிட்டு இருக்கேன்.

அஞ்சுக்கு நாலு குடுப்பேன், ஒண்ணு கொறைச்சது தமிழ்ல புத்தகம் இல்லாததுக்கு. சேருறதுக்கு முன்னாடி டிபார்ட்மென்ட்ல நேர்ல போய் ஃபீல்டு வொர்க் எத்தனை நாளு, எங்கன கூட்டிட்டு போவாவன்னு மட்டும் கேளுங்க. ஃபீல்டே கெடையாதுன்னு சொன்னா வேற இடம் பாருங்க. என்னோட வார்த்தை நோட்டு வேணும்னா கேளுங்க தங்கச்சிகளா, ஜெராக்ஸ் எடுத்து தாரேன்.