வாசலில் இருக்கும் இரண்டு கற்களுக்காக வாங்கிய பாலிஷ்

எல்ஸ்டர்கிளான்ஸ் பாலிஷ் பசையை நான் பாத்திரம் துலக்க வாங்கவில்லை. பெர்லினில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் வாசலில், நடைபாதையோடு நடைபாதையாக இரண்டு பித்தளைக் கற்கள் பதிந்திருக்கின்றன. ஷ்டோல்பர்ஷ்டைன் என்பார்கள், இடறும் கல். ஹிட்லரின் நாஜிகளுக்குப் பலியானவர்களின் நினைவாக, அவர்கள் வாழ்ந்த வீட்டு வாசலில் பதிப்பது. குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் 1990-களில் தொடங்கிய வேலை. 2023-இல் கற்களின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தொட்டது.

எங்கள் வாசலில் இருப்பவை ஒரு யூதத் தம்பதியுடையவை. 1942-இல் நாஜிகள் அவர்களைத் தெரேசியன்ஷ்டாட் முகாமுக்கு அனுப்பி, அங்கிருந்து ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்குக் கொண்டுபோய்க் கொன்றிருக்கிறார்கள். அங்கே உடல்களை எரித்துவிட்டார்கள், கல்லறை கிடையாது. ஆளுக்குப் பத்து சென்டிமீட்டர் பித்தளைதான் மிச்சம். அது கறுத்துப்போவதைப் பார்த்துக்கொண்டு தாண்டிப் போக எனக்கு மனசு வரவில்லை.

போன வருடம் ஏதோ ஒரு ஸ்ப்ரேயை அடித்தேன். எழுத்துக் குழிகளில் வெள்ளையாகப் படிந்து, அந்த அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரையே படிக்க முடியவில்லை. பழைய டூத்பிரஷ்ஷால் சுரண்டி எடுக்க அரை மணி நேரம் ஆனது. அன்று ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

இந்தப் பசை அப்படிப் படியவில்லை. முதலில் தண்ணீர் விட்டு மண்ணைக் கழுவிவிட வேண்டும். அப்புறம் பட்டாணி அளவு பசையைப் பழைய பனியன் துணியில் எடுத்துத் தேய்த்தால், துணி கரியாகக் கறுக்கும். காய்ந்த துணியால் துடைத்ததும் மேல்பரப்பு பொன்னிறமாகிறது, எழுத்துக்குள் கருமை அப்படியே நிற்கிறது. அதனால் நின்றபடியே படிக்கலாம். கம்பி நார் மட்டும் வேண்டாம், கீறல் விழும்.

எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சுத்தியலால் தட்டிப் பதித்திருப்பது, மண்டியிட்டுத் தேய்க்கும்போது விரல் நுனியில் தெரிகிறது. மனைவியின் கல்லில் 'எர்மோர்டெட்' என்ற சொல்லின் கடைசி எழுத்து மற்றவற்றைவிட ஆழமாக இறங்கியிருக்கிறது. கொல்லப்பட்டார் என்று அர்த்தம். இறந்தார் என்று பூசி மெழுகாமல் எழுதியிருக்கிறார்களே, அதற்காகவே அந்தச் சொல் பளிச்சென்று தெரிய வேண்டும்.

மழையிலும் காலடியிலும் இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி மங்கும். பித்தளையின் குணம் அது, பசையைக் குறை சொல்ல மாட்டேன்.

1938-இல் நாஜிகள் யூதர்களின் ஜெப ஆலயங்களை எரித்த இரவின் நினைவாக, நவம்பர் 9 அன்று இங்கே பலரும் கற்களைத் துடைப்பார்கள். நான் துடைத்து முடித்ததும் கீழ்வீட்டுப் பாட்டி மெழுகுவத்தியோடு வந்தார். கண்ணாடி போடாமலே இரண்டு பெயரையும் வாய்விட்டு வாசித்தார்.

ட்யூபில் பாதிக்கு மேல் இருக்கிறது. ஆஷ்விட்ஸ் முகாம் விடுவிக்கப்பட்ட ஜனவரி 27-க்கும் போதும்.