மூன்று கேள்வியா, ஆறு படியா, பக்கத்து வகுப்பு ஆசிரியரா?

மொரீசியஸ் தொடக்கப்பள்ளிகளில் தமிழ் கற்பிப்பவர், நடத்திய பாடத்தைச் சீர்தூக்கிப் பார்க்க மூன்று வழிகள் உண்டு. மூன்றும் ஒரே வேலைக்கானவை அல்ல.

முதலாவது, அமெரிக்கக் கல்வியாளர் டெரி போர்ட்டன் 1970இல் முன்வைத்து, பின்னர் டிரிஸ்கால் செவிலியர்களுக்காக விரித்த மூன்று கேள்விகள்: என்ன நடந்தது? அதனால் என்ன? இனி என்ன? ஐந்து நிமிடமும் அரைப் பக்கமும் போதும். கோளாறு எப்போதும் நடுக் கேள்வியில்தான். "பழம் என்பதை எட்டுப் பேர் பலம் என்று வாசித்தார்கள். மறுபடி சொல்லித்தர வேண்டும்." இது வெறும் பதிவு, ஏன் என்பதே இதில் இல்லை. வீட்டில் மொரீசியஸின் பேச்சுமொழியான கிரியோல் பேசும் பிள்ளைக்கு லகரம் பழகியது, ழகரம் புதிது. காது பிரித்தறியாததை நாக்கு எப்படிச் சொல்லும்? அதைக் கரும்பலகையில் பத்து முறை எழுதிக் காட்டியும் பயனில்லை. இவ்வளவும் நடுக் கேள்விக்கு விடையாக வந்துவிட்டால் மூன்றாவது தானே எழுதிக்கொள்ளும்: "செவ்வாய், முதல் ஐந்து நிமிடம், புத்தகம் மூடி. வலி–வழி, பலம்–பழம் என்று பத்துச் சொல் சொல்வேன்; ழகரம் கேட்டால் கை தூக்க வேண்டும். எத்தனை சரி என்று எண்ணுவேன்."

இரண்டாவது, கல்வி ஆய்வாளர் கிரகாம் கிப்ஸ் 1988இல் தந்த சீர்தூக்கல் சுழற்சி. அதற்கு ஆறு படிகள்: விவரிப்பு, உணர்வு, மதிப்பீடு, பகுப்பாய்வு, முடிவு, செயல்திட்டம். முக்கால் மணி நேரமாவது பிடிக்கும். வாராவாரம் எழுதச் சொன்னால் இரண்டாம் மாதமே பழைய பக்கத்தைப் பார்த்து எழுதத் தொடங்கிவிடுவார்கள். அதே சிக்கல் மூன்றாம் முறை தலைகாட்டினாலோ, பெற்றோர் புகாரோடு வந்தாலோ இதை எடுக்கலாம். விவரிப்பை ஐந்து வரியில் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் அதுவே பக்கத்தை விழுங்கிவிடும். மதிப்பீடு என்பது எது நன்று, எது தீது என்பது. பகுப்பாய்வு அதற்குக் காரணம். இரண்டையும் குழப்பினால் செயல்திட்டம் "இன்னும் கவனமாக இருப்பேன்" என்று முடியும்.

மூன்றாவது, சக ஆசிரியரை வகுப்பில் உட்காரவைப்பது. பள்ளியில் தமிழுக்கு நீங்கள் ஒருவர்தான் என்றாலும் இது நடக்கும். தமிழ் தெரியாதவர் ஒருவகையில் மேல். பாடத்தில் மூழ்காமல் எண்ண வேண்டியதை மட்டும் எண்ணுவார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சுமார் ஒரு நொடியே காத்திருக்கிறார்கள், மூன்று நொடி பொறுத்தால் பிள்ளைகளின் பதில் நீள்கிறது என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ கண்டறிந்தார். அந்த நொடிகளை எண்ணத் தமிழ் எதற்கு? எதை எண்ணுவது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் "நன்றாக இருந்தது" என்ற உபசார வார்த்தைதான் மிஞ்சும்.

ஒன்றுதான் முடியும் என்றால் மூன்று கேள்விகளே, வாரம் இரு முறை. கிப்ஸ் சுழற்சி பள்ளித் தவணைக்கு ஒன்று போதும். அந்த உணர்வுப் பகுதி மேலதிகாரி பார்க்கும் ஏட்டில் வேண்டாம். அங்கே யாரும் உண்மையை எழுதுவதில்லை.