கொல்லைக்குச் சிறுவிடையா, கிராமப்பிரியாவா?

சேலத்தில் கன்னங்குறிச்சி, அழகாபுரம் பக்கம் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடமும் நாலு கத்தரிச் செடியும் உள்ளவர்கள் கோழி வாங்க நினைத்ததும் கேட்பது, "எது நிறைய முட்டை இடும்?" என்றுதான். நாமக்கல்லை ஒட்டிய ஊர்க்காரர்கள் அப்படிக் கேட்பதில் வியப்பில்லை. 1997 வரை அது சேலம் மாவட்டத்துக்குள்தானே இருந்தது. ஆனால் முட்டை மட்டுமே குறி என்றால் கடையில் வாங்குவது மலிவு. அடைகாக்கும் கோழி வேண்டுமா, வேண்டாமா என்று முதலில் முடிவு செய்யுங்கள். மற்றதெல்லாம் அதன் பின்னால் தானாக வரும்.

நம் பக்கத்து நாட்டுக்கோழி இனமான சிறுவிடை ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை இடும். பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் அடையில் உட்கார்ந்துவிடும். 21 நாள் எழுந்திருக்காது. குஞ்சு பொரித்த பிறகு வாரக்கணக்கில் அவற்றைக் கூட்டிக்கொண்டு திரியும். அந்தக் காலம் முழுக்க முட்டை கிடையாது. ஹைதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய கலப்பினக் கோழியான கிராமப்பிரியாவுக்கு இந்த அடைகாக்கும் வேலையெல்லாம் இல்லை. புறக்கடையிலேயே 150 முட்டைக்கு மேல் எதிர்பார்க்கலாம், தீனி சரியாக இருந்தால் 200 வரை போகும். அதே நிறுவனத்தின் வனராஜா உடல் பெருத்தது. கறியும் வேண்டும் என்பவர்களுக்கு ஏற்றது, முட்டையில் கிராமப்பிரியாவுக்குக் கீழேதான்.

கிராமப்பிரியாவின் முட்டை ஓடு பழுப்பு. அதனால் பல இடங்களில் அது நாட்டுக்கோழி முட்டை என்ற பெயரில் நாட்டுக்கோழி விலைக்கே போகிறது. ஓட்டின் நிறத்தைத் தீர்மானிப்பது இனம்; சத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. மஞ்சள்கருவின் நிறமோ தீனியைப் பொறுத்தது. முருங்கைக்கீரையும் அகத்திக்கீரையும் போட்டால் எந்தக் கோழியும் அடர்ந்த மஞ்சள்கருவைத் தரும்.

தீனிச் செலவில் சிறுவிடைக்கே என் ஓட்டு. காலையில் ஒரு கைப்பிடி குருணையோ கம்போ போட்டால் போதும், மீதியைக் குப்பையைக் கிளறித் தானே தேடிக்கொள்ளும். கிராமப்பிரியா அப்படி மேய்ந்தே அத்தனை முட்டையும் இடும் என்று நம்ப வேண்டாம். முட்டைக்கோழித் தீவனமும் கிளிஞ்சல் தூளும் கொடுக்காவிட்டால் ஓடு மெலிந்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் சேலத்து வெயிலில் கோழிகள் வாயைத் திறந்து இளைக்கும்போது, நன்றாகத் தின்கிற கோழிக்கே ஓடு மெலியும். இளைப்பதில் உடலின் கரியமில வாயு குறைந்து, ஓடு கட்டும் வேலை தடைப்படுவதுதான் காரணம். நிழலும் குளிர்ந்த தண்ணீரும் அப்போது தீனியைவிட முக்கியம்.

ஏற்காட்டில் கணக்கு அப்படியே மாறுகிறது. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், மூடுபனியிலும் மழையிலும், தாயில்லாக் குஞ்சுகளைக் காப்பாற்றுவது பெரும்பாடு. முதல் வாரத்தில் அவற்றுக்கு 35 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும், பிறகு வாரத்துக்கு வாரம் மெல்லக் குறைக்க வேண்டும். மழை இரவில் மின்சாரம் போனால் பல்பும் போயிற்று, குஞ்சும் போயிற்று. சிறுவிடைத் தாயின் இறக்கைக்கு மின்வெட்டு ஏது? தரையில் பரப்பிய உமியோ கடலைத்தோலோ அங்கே ஈரமாகவே இருக்கும். கிளறிக் காயவிடாவிட்டால் இரத்தக்கழிச்சல் வரும். காப்பித் தோட்டத்தை ஒட்டிய வீடுகளில் கீரி, மரநாய்த் தொல்லை வேறு. உடல் இலேசான சிறுவிடை மரத்தில் ஏறித் தப்பிக்கப் பார்க்கும். உடல் பெருத்த வனராஜாவால் அது முடியாது. மலையில் குஞ்சிலிருந்து தொடங்குபவருக்குச் சிறுவிடையைத் தவிர வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன்.

இரண்டையும் கலக்க ஒரு வழி உண்டு. கருவுற்ற கிராமப்பிரியா முட்டைகளை வாங்கி அடைக்கோழிக்கு அடியில் வைத்துவிடலாம். அது பேதம் பார்க்காது. ஆனால் அந்தக் குஞ்சுகள் வளர்ந்து இடும் முட்டையிலிருந்து அடுத்த தலைமுறையை எடுக்காதீர்கள். கலப்பினம் என்பதால் பிள்ளைகளுக்குத் தாயின் திறன் அப்படியே வராது.

தெருவில் வண்டியில் வரும் கலர் குஞ்சுகளைப் பற்றி ஒரே வரி: பெரும்பாலும் முட்டைக்கோழி இனத்துச் சேவல்கள், வாங்காதீர்கள்.

தோட்டத்துக்கு எது தீங்கு குறைவு என்றால், இரண்டுமே கீரைப் பாத்தியை ஒரே காலையில் உழுதுவிடும். பகலில் வலைக்குள் வைத்திருந்து, நாலு மணிக்கு மேல் திறந்துவிடுவது நல்லது. புழு பூச்சியைத் தின்றுவிட்டு, இருட்டும் முன் தாமாகவே கூட்டுக்குத் திரும்பும். நாற்று நட்ட முதல் மாதம் அந்தப் பாத்திக்குத் தனி வலை கட்டாயம். புதுக் கோழி எருவைச் செடியடியில் கொட்டினால் வேர் கருகும். மாவிலைச் சருகோடு சேர்த்துச் சில மாதம் மக்கவிட்ட பிறகே போட வேண்டும்.

வெள்ளைக்கழிச்சல் நோய் எந்த இனத்தையும் விடாது. நாட்டுக்கோழிக்கு ஊசி வேண்டாம் என்ற பேச்சைக் கேட்டவர்கள் கோடையில் கூட்டையே காலி செய்கிறார்கள். கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரியில் நடத்தும் தடுப்பூசி முகாமுக்கு, எட்டு வாரம் தாண்டிய கோழிகளைப் பஞ்சாரத்தோடு தூக்கிப் போய்விடுங்கள்.

சேவல் விஷயத்தில் மட்டும் டவுன்காரர்கள் யோசிக்க வேண்டும். முட்டைக்குச் சேவல் தேவையில்லை, குஞ்சுக்குத்தான் தேவை. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் விடியுமுன் கூவும் சேவலைப் பக்கத்து வீட்டார் எத்தனை நாள் பொறுப்பார்கள்? அங்கே சேவலில்லாமல் மூன்று கிராமப்பிரியா போதும். அயோத்தியாப்பட்டணம், வாழப்பாடி பக்கம் இடம் தாராளமாக இருப்பவர்கள் நாலு சிறுவிடையும் ஒரு சேவலும் வைத்துக்கொள்ளலாம்.