‘ஸ்லாட்டர்ஹவுஸ்-ஃபைவ்’: ஒரு கண் பரிசோதகரின் விதி

அமெரிக்க எழுத்தாளர் கர்ட் வானகட் எழுதி 1969இல் வெளியான ‘ஸ்லாட்டர்ஹவுஸ்-ஃபைவ்’ நாவலை விதிவாத நாவல் என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. மனிதர் செத்தாலும், குதிரை செத்தாலும், புட்டியில் இருக்கும் ஷாம்பெயின் உயிர்ப்பற்றுப்போனாலும், கதைசொல்லி ‘அப்படித்தான் போகிறது’ என்று ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்ததற்கு நகர்ந்துவிடுகிறார். நூறு தடவைக்கு மேல் வரும் அந்த வரியைக் கல்லூரி நாட்களில் படித்தபோது நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். ஊழ் என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்த காதுக்கு அது பழகிய தொனியாகவும் இருந்தது. இத்தனை ஆண்டுகள் கழித்து மறுபடி படிக்கும்போது, அந்த வரியை நாவலே முழுதாக நம்பவில்லை என்று தோன்றுகிறது.

கதையின் அடியில் இருப்பது வானகட்டின் சொந்த அனுபவம். 1944 டிசம்பரில் ஆர்டென் பகுதியில் நடந்த போரில் ஜெர்மானியரிடம் பிடிபட்ட அவர், போர்க்கைதியாக ஜெர்மனியின் டிரெஸ்டன் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டு, ஒரு கசாப்புக் கூடத்தில் அடைக்கப்பட்டார். 1945 பிப்ரவரி 13 இரவு, சுமார் மூன்று மணி நேர இடைவெளியில், ஏறத்தாழ 800 பிரிட்டிஷ் விமானங்கள் இரண்டு அலைகளாக வந்து அந்நகரைத் தாக்கின. மறுநாள் நண்பகலில் அமெரிக்க விமானங்கள் வந்தன. முதலில் வெடிகுண்டுகள் கூரைகளையும் சன்னல்களையும் பெயர்த்தெறிய, திறந்துகிடந்த வீடுகளுக்குள் தீக்குண்டுகள் விழுந்தன. தனித்தனியாகப் பற்றிய தீ ஒன்றாகத் திரண்டு, சுற்றுப்புறக் காற்றையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு தீப்புயலாக மாறியதில், நிலவறைகளில் பதுங்கியிருந்தவர்கள் பலர் நெருப்புப் படாமலேயே மூச்சடைத்து மாண்டார்கள். பூமிக்கடியில் இருந்த இறைச்சிக் கிடங்கில் ஒதுங்கிய வானகட் உயிர்தப்பினார்.

இதை நேரில் கண்டவர் எழுதிய நாவலில் குண்டுவீச்சு நூறு பக்கமாவது வரும் என்று எதிர்பார்ப்பவருக்கு ஏமாற்றமே காத்திருக்கிறது. அது நிகழும் பகுதி சில பத்திகளுக்குள் முடிந்துவிடுகிறது. கதாநாயகன் பில்லி பில்கிரிம் நிலத்தடியில் உட்கார்ந்திருக்கிறான். தலைக்கு மேலே அரக்கர்கள் நடப்பதுபோல் ஓசை கேட்கிறது. மறுநாள் வெளியே வரும்போது நகரம் நிலவின் தரையைப் போலக் கிடக்கிறது. நெருப்பைப் பற்றி இரண்டொரு வரிகளுக்கு மேல் வருணனை இல்லை. மாறாக, ஊரின் ஓரத்தில் விடுதி நடத்தும் பார்வையற்ற ஒருவர், அந்தக் கைதிகளுக்குத் தம் தொழுவத்தில் இடம் கொடுத்து, நன்றாகத் தூங்குங்கள் என்று அமெரிக்கர்களான அவர்களிடம் சொல்லும் காட்சி இருக்கிறது. தீப்பிழம்புகளை எழுதியிருந்தால் வாசகன் வேடிக்கை பார்த்திருப்பான். வானகட் அந்த வாய்ப்பைத் தரவில்லை. இந்த நாவலின் மிகச் சிறந்த முடிவு அதுதான் என்பேன்.

பில்லி போருக்குப் பிறகு நியூயார்க் மாநிலத்தின் சிறு நகரொன்றில் கண் பரிசோதகராகி, பணக்காரப் பெண்ணை மணந்து, வசதியாக வாழ்கிறான். ஆனால் காலம் அவன் பிடியில் இல்லை. ஒரு கதவைத் திறந்து 1955இல் நுழைபவன் 1941இல் வெளியே வருகிறான்; போர்க்களத்தின் பனியில் கண்ணை மூடியவன் பல ஆண்டுகளுக்கு அப்பால் விழிக்கிறான். காரணமே தெரியாமல் அவ்வப்போது ஓசையின்றி அழுகிறான். போர் விட்டுச்செல்லும் மன வடுவுக்கு அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு தனிப் பெயர் சூட்டியது 1980இல்தான் என்பதை நினைத்தால், அதற்குப் பதினொரு ஆண்டுகள் முன்பே அந்த நோயின் வடிவத்தையே கதையின் வடிவமாக ஆக்கியிருப்பது வியப்பளிக்கிறது. அத்தியாயங்கள் சிதறிக் கிடப்பதாகக் குறைப்படுபவர்கள், சிதறிக் கிடப்பது யார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

டிரால்ஃபமடோர் என்னும் கோளிலிருந்து வந்தவர்கள் தன்னைத் தூக்கிச்சென்று விலங்குக்காட்சிசாலையில் வைத்திருந்ததாகப் பில்லி நம்புகிறான். எல்லாக் கணங்களையும் ஒரே நேரத்தில் காணும் அவர்களுக்குச் சாவு ஒரு பொருட்டல்ல. தன்விருப்பம் என்ற பேச்சே பூமியில்தான் அடிபடுகிறது என்கிறார்கள். பிரபஞ்சம் தங்களுடைய விமானி ஒருவர் அழுத்தும் பொத்தானால்தான் அழியப்போகிறது என்று தெரிந்தும், அதைத் தடுக்க அவர்கள் நினைப்பதில்லை. கெட்ட கணங்களைப் பார்க்காதே, நல்லவற்றை மட்டும் பார் என்பதே அவர்கள் தரும் அறிவுரை. இதை நாவலின் தத்துவமாக எடுத்துக்கொள்பவர்கள் ஒரு சிறு தகவலைத் தாண்டிப்போய்விடுகிறார்கள். 1948இல் படைவீரர் மருத்துவமனையில் பில்லிக்குப் பக்கத்துப் படுக்கையில் இருந்தவர் அவனுக்கு மலிவான அறிவியல் புனைகதைகளை அறிமுகப்படுத்துகிறார். அவற்றை எழுதிய கில்கோர் டிரவுட்டின் ஒரு கதையில், வேற்றுக்கோளினர் ஓர் ஆணையும் பெண்ணையும் கடத்திக் காட்சிசாலையில் வைக்கிறார்கள். டிரால்ஃபமடோர் எங்கிருந்து வந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. விதி பில்லிக்குத் தரிசனமல்ல, காயத்தைச் சுற்றிய துணி.

அந்தத் துணி ஒரே ஓர் இடத்தில் நழுவுகிறது. பதினெட்டாவது திருமண நாள் விருந்தில் நான்கு பேர் சேர்ந்து பாடும்போது பில்லிக்கு முகம் வெளிறிப்போகிறது. மாடிக்குப் போய்த் தனியே படுத்துக்கொண்டு யோசிக்கையில் காரணம் பிடிபடுகிறது. டிரெஸ்டன் எரிந்த மறுநாள், வாயைத் திறந்தும் மூடியும் சொல்லற்றுத் திணறிய நான்கு ஜெர்மானியக் காவலர்களின் முகங்கள் அவை. அவன் அங்கே காலப்பயணம் செய்யவில்லை, அதை நினைவுகூர்ந்தான் என்று கதைசொல்லி வேண்டுமென்றே குறிப்பிடுகிறார். வாழ்நாள் முழுவதையும் காலப்பயணமாகக் கடந்தவனுக்கு, நகரம் அழிந்த அந்தக் கணம் மட்டும் சாதாரண மனிதர்களின் நினைவாக வருகிறது. நாவலைப் படிக்க எனக்குக் கிடைத்த சாவி இந்த ஒற்றை வாக்கியம்தான்.

தன்விருப்பத்துக்கு இன்னொரு சாட்சி எட்கர் டெர்பி. பேராற்றல்களின் கையில் விளையாட்டுப் பொருளாகிவிட்டவர்களே நிறைந்த இக்கதையில் பாத்திரம் என்று சொல்லத்தக்கவர் ஏறக்குறைய எவருமில்லை என்று அறிவிக்கும் கதைசொல்லி, நாஜிகளுக்கு ஆள்சேர்க்க வரும் ஓர் அமெரிக்கனை எதிர்த்து அந்தப் பள்ளி ஆசிரியர் எழுந்து நிற்கும்போது, இப்போது அவர் பாத்திரம் ஆகிவிட்டார் என்கிறார். அதே டெர்பி பின்னர் இடிபாடுகளில் கிடந்த ஒரு தேநீர்க் கெண்டியை எடுத்ததற்காகச் சுட்டுக் கொல்லப்படுகிறார். எழுந்து நின்றதால் எதுவும் மாறவில்லை. ஆனாலும் அவர் எழுந்து நின்றார்.

குறைகளும் உண்டு. டிரெஸ்டனில் 1,35,000 பேர் இறந்ததாக நாவல் சொல்கிறது. இது டேவிட் இர்விங்கின் 1963ஆம் ஆண்டு நூலிலிருந்து வந்த எண். வரலாற்றைத் திரித்தவர், யூத இனப்படுகொலையை மறுப்பவர் என்று லண்டன் உயர் நீதிமன்றம் 2000இல் தீர்ப்பளித்தது இவரைப் பற்றித்தான். நகர நிர்வாகம் அமைத்த வரலாற்றாய்வாளர் குழு 2010இல் தந்த முடிவின்படி இறந்தவர்கள் அதிகபட்சம் 25,000 பேர். வாசகர் அந்த எண்ணைத் திருத்திக்கொண்டு படிப்பது நல்லது. 25,000 என்பதே போதுமான கொடூரம். பெண் பாத்திரங்கள் பெரும்பாலும் கேலிச்சித்திரங்களாக நின்றுவிடுகிறார்கள். விதிவிலக்கு முதல் அத்தியாயத்தில் வரும் மேரி ஓஹேர், வானகட்டின் போர்க்காலத் தோழரின் மனைவி. நீங்கள் அப்போது வெறும் குழந்தைகள்தானே என்று எழுத்தாளரையே கோபத்தோடு கேட்கும் அவர், நூல் காணிக்கையாக்கப்பட்டிருக்கும் இருவரில் ஒருவர்.

ஆங்கிலம் எளிமையானது, வாக்கியங்கள் குட்டையானவை, இரண்டு மாலைகளில் முடித்துவிடலாம். ஆனால் முடிவை நெருங்குகையில் வரும் ஒரு காட்சியை அவசரப்படாமல் படியுங்கள். போர் ஓய்ந்தபின் பில்லி ஒரு குதிரைவண்டியில் படுத்து வெயில் காய்கிறான். வாழ்க்கையிலேயே இனிய கணமாக அவன் பின்னாளில் தேர்ந்தெடுக்கக்கூடியது அதுதான். ஒரு ஜெர்மானியத் தம்பதியர் வந்து, வண்டியில் பூட்டியிருக்கும் குதிரைகளைப் பாருங்கள் என்கிறார்கள். கடிவாளம் அறுத்து வாயில் இரத்தம் வழிகிறது, குளம்புகள் உடைந்திருக்கின்றன, தாகத்தில் தவிக்கின்றன. அவற்றை ஒரு வண்டியைப் போலவே அமெரிக்கர்கள் நடத்தியிருக்கிறார்கள். போரில் வேறு எதற்கும் அழாத பில்லி அப்போது அழுகிறான்.