150–600 லென்ஸில் வடசென்னை நிலா: நான்கு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

150–600 மி.மீ. ஜூம் லென்ஸை வாங்குமுன் எல்லோரும் கேட்பது, 600 மி.மீ.யில் நிலா எவ்வளவு பெரிதாக வரும் என்பதுதான். குவியத் தூரத்தை 110ஆல் வகுத்தால் சென்சாரில் விழும் நிலாவின் விட்டம் கிடைக்கும்: சுமார் ஐந்தரை மி.மீ. ஃபுல் ஃப்ரேம் கேமராவின் 24 மி.மீ. சென்சார் உயரத்தில் அது கால்வாசிகூட இல்லை. சென்சார் அதைவிடச் சிறிதான ஏபிஎஸ்-சி கேமராவில் மூன்றில் ஒரு பங்கு. நிலாவுக்காக மட்டும் ஃபுல் ஃப்ரேம் வாங்குவது வீண் செலவு.

அதே 110 காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலும் உதவும். 15 மீட்டர் நீள விசைப்படகு நிலாவின் அகலத்துக்குள் அடங்க வேண்டுமென்றால், படகு 1.65 கி.மீ. தள்ளி நிற்க வேண்டும். இதற்குப் பௌர்ணமி மாலையே சரி. சூரியன் மறைவதும் நிலா எழுவதும் ஏறக்குறைய ஒரே நேரம். மறுநாள் நிலா முக்கால் மணிக்கு மேல் தாமதித்து வரும், அதற்குள் கடல் இருட்டிவிடும்.

பள்ளங்களுக்குப் பௌர்ணமி உதவாது. நேர் வெளிச்சத்தில் நிழலே இல்லாமல் தட்டையாகத் தெரியும். வளர்பிறை அஷ்டமி முதல் தசமி வரை ஒளி-இருள் எல்லையை ஒட்டிப் பார்த்தால் அப்பெனைன் மலைத்தொடரும், பிறகு கோப்பர்னிக்கஸ் பள்ளமும் செதுக்கியதுபோல் நிற்கும். ஒளித்துளையை முழுக்கத் திறந்த எஃப் 6.3இல் இந்த வகை ஜூம்கள் 600 முனையில் கொஞ்சம் மழுங்கும்; எஃப் 8 வைக்கவும். உயரே வந்த முழுநிலாவுக்கு ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, ஷட்டர் 1/200 விநாடி. அஷ்டமிக்கு அதே ஷட்டர், ஐஎஸ்ஓ 400. அடிவானத்தில் செக்கச் சிவந்திருக்கும்போது இந்தக் கணக்கு செல்லாது, ஐஎஸ்ஓ 800க்கு மேல் போக வேண்டிவரும்.

படம் கலங்கலாக வந்தால் லென்ஸைக் குறை சொல்லுமுன் காலடியைப் பாருங்கள். பகல் முழுக்க வெயில் குடித்த மொட்டை மாடி, இரவு பத்து மணி வரை சூட்டைக் கக்கும். கேமராத் திரையில் லைவ் வியூவை 10 மடங்கு பெரிதாக்கினால் நிலாவின் விளிம்பு கொதிக்கும் பால்போல் தளும்புவது தெரியும். அப்போது போகஸை எத்தனை முறை திருப்பினாலும் பலனில்லை. காத்திருக்கலாம்; அல்லது 100 ஃப்ரேம் எடுத்து ஆட்டோஸ்டாக்கர்ட் என்ற மென்பொருளில் நல்லதை மட்டும் அடுக்கலாம். எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிய வீடுகளில் இன்னொரு தொல்லை: கன்டெய்னர் லாரி போனால் மாடியே அதிரும். இரண்டு விநாடி டைமர் போதாது, பத்து வையுங்கள். ட்ரைபாடின் கடைசி மெல்லிய காலை இழுக்காதீர்கள், நடுத்தண்டை உயர்த்தவே வேண்டாம். ஸ்டெபிலைசரை அணைத்துவிடுங்கள்.

மார்கழிப் பௌர்ணமி நிலா இங்கே நடுநிசியில் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே வரும். லென்ஸை அப்படி நிமிர்த்தும்போது ஜூம் குழல் தன் எடையிலேயே உள்ளே சரியும். 600இல் பூட்டு போடாவிட்டால் பத்தாவது படத்தில் 540 ஆகியிருக்கும். சாதாரண பால் ஹெட்டில் (ட்ரைபாடின் உருண்டைத் தலை) கேமரா ட்ரைபாட் காலில் இடிக்கவும் செய்யும்.

குவியத் தூரத்தைக் கூட்டும் 1.4 மடங்கு டெலிகன்வெர்ட்டர்? வேண்டாம் என்பேன். எஃப் 6.3 எஃப் 9 ஆகிவிடும். காற்று கலங்கிய இரவில் கலக்கம்தான் பெரிதாகும். அந்தப் பணம் நல்ல ட்ரைபாடுக்குப் போகட்டும்.

பராமரிப்பில்தான் கடற்கரைக்காரருக்குக் கூடுதல் வேலை. ஜூம் குழல் நீண்டு சுருங்கும்போதெல்லாம் உப்புக்காற்றை உள்ளே இழுக்கும். துறைமுகத்தில் 600இல் வைத்தால் அப்படியே விடவும். திரும்பியதும் முதலில் ப்ளோயரால் காற்றடித்து ஊதுங்கள், பிறகுதான் துணி. உப்புத்தூளோடு துடைத்தால் கோட்டிங்கில் கீறல் விழும். ஏசி அறையிலிருந்து நேரே மாடிக்கு எடுத்துப்போனால் முன்கண்ணாடி பனித்துவிடும். பையை மூடியபடியே அரைமணி வெளியில் வைத்துவிட்டுத் திறக்கவும். வைக்கும் இடத்தில் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம். டப்பாவும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும் போதும், ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் அதன் நீலமணிகள் சீக்கிரமே வெளிறி ரோஸ் நிறமாகும். வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்தால் மறுபடி நீலம் திரும்பும். அந்த வாணலியில் பிறகு சமைக்காதீர்கள்.