ஸ்டார் வார்ஸ்: ஸ்குவாட்ரன்ஸ் – திரைக் குறிகளை அணைத்துவிட்டு ஆடிப் பாருங்கள்

போர் விமானிகளைப் பற்றி எது கிடைத்தாலும் விடாமல் படிக்கிற ஆள் நான். 2020 அக்டோபரில் வந்த இந்த கேமை வாங்கியதே, இதில் நிஜ விமானச் சண்டை எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கத்தான். அப்படிப் பார்ப்பதில் நியாயமும் உண்டு. முதல் ஸ்டார் வார்ஸ் படத்தை எடுத்தபோது ஜார்ஜ் லூகாஸ், பழைய போர்ப்படங்களில் இருந்த விமானச் சண்டைகளை வெட்டி ஒட்டி, விண்கலங்கள் எப்படிப் பறக்க வேண்டும் என்று எஃபெக்ட்ஸ் குழுவுக்குக் காட்டினார். காற்றே இல்லாத வெளியில் எக்ஸ்-விங் போர்க்கலம் விமானம் போல ஒருக்களித்துத் திரும்புவது அதனால்தான்.

கதைப் பகுதி சுமார். புதிய குடியரசு, பேரரசு என இரண்டு தரப்பிலும் மாறி மாறிப் பறக்கிறோம், அவ்வளவுதான். உயிர் இருப்பது காக்பிட்டில், அதாவது விமானி அறையில். வெளியே இருந்து கலத்தைப் பார்க்கும் வசதியே கிடையாது, முழுக்க விமானியின் இருக்கையிலிருந்துதான் ஆட வேண்டும். இருக்கிற சக்தியை எஞ்சின், லேசர், ஷீல்ட் (அடி தாங்கும் கவசம்) மூன்றுக்கும் நொடிக்கு நொடி பங்கிட்டுக்கொண்டே இருக்க வேண்டும், பேரரசின் டை ஃபைட்டர் கலத்தில் ஷீல்டும் இல்லை. எனக்கு மிகவும் பிடித்தது திராட்டில், அதாவது வேகக் கட்டுப்பாட்டு விஷயம்: பாதி வேகத்தில்தான் கலம் நன்றாகத் திரும்பும். நிஜப் போர் விமானத்திலும் இப்படி ஒரு வேகம் உண்டு, அதைத் தாண்டினால் வளைவு அகலமாகிவிடும், குறைந்தால் விமானத்தை இறுக்கமாக வளைக்க இறக்கைக்குப் பலம் போதாது. இந்த ஒன்றைச் சரியாகப் பிடித்ததற்கே கேமைச் செய்தவர்களைப் பாராட்டுவேன். டை ஃபைட்டரின் பக்கச் சுவர்கள் பார்வையை மறைப்பதும் அப்படித்தான், இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் போர் விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் 109-இன் தடித்த கண்ணாடிச் சட்டங்கள் நினைவுக்கு வந்தன.

சரி, எங்கே இடிக்கிறது என்றால், பார்வையில். இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் விமானி எரிச் ஹார்ட்மான் 352 விமானங்களை வீழ்த்தியவர், உலகிலேயே அதுதான் அதிகம். அவர் சுற்றிச் சுற்றிச் சண்டை போடுகிறவர் இல்லை. முதலில் பார்ப்பார், அடிக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பார், எதிரி விமானம் கண்ணாடி முழுக்க நிறையும் அளவுக்கு நெருங்கிச் சுடுவார், உடனே விலகிப் போய்விடுவார். அவரிடம் வீழ்ந்தவர்களில் பெரும்பாலானோருக்கு அவர் வந்ததே தெரியாது. அவருக்கு முன்பே, 1916-இல், முதல் உலகப் போரின் ஜெர்மன் விமானி ஓஸ்வால்ட் போல்கே எழுதிய விமானச் சண்டை விதிகளிலும் முதலில் வருவது உயரத்தைப் பிடி, சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள் என்பதுதான். இந்த கேமிலோ எதிரி எங்கே இருந்தாலும் திரையில் ஒரு குறி அவரைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. சூரியன் சும்மா அழகுக்கு நிற்கிறது.

ஆனால் அமைப்புகளில் போய் அந்தக் குறிகளை எல்லாம் அணைத்துவிட்டு, காக்பிட்டில் உள்ள கருவிகளை மட்டும் நம்பி ஆடலாம். அதைச் செய்த முதல் நாள் யார் அடித்தார்கள் என்றே தெரியாமல் செத்துக்கொண்டே இருந்தேன். நான்காவது நாள், நாடிரி டாக்யார்ட்ஸ் களத்தில் ஒரு பாறைக்குப் பின்னால் காத்திருந்து, என்னைக் கவனிக்காமல் கடந்துபோன ஒருவரைப் பின்னாலிருந்து அடித்தேன். ஒரே நொடிதான், சண்டை என்று சொல்லவே முடியாது. ஹார்ட்மான் செய்ததன் நிழல் அதில் இருந்தது, எனக்குக் கை நடுங்கியது.

ஐந்துக்கு ஐந்து ஆட்டத்தில் எல்லாரும் ஒரே எதிரியைத் துரத்துகிறார்கள், அப்புறம் ஒருவரோடு ஒருவர் மோதிக்கொள்கிறார்கள். ஒரே எதிரியை இருவர் தாக்காதீர்கள் என்பதும் போல்கேயின் விதிதான். 40 விமானங்களை வீழ்த்திய அந்த மனிதர் 1916 அக்டோபர் 28 அன்று இறந்ததே, தானும் நண்பர் ஒருவரும் ஒரே விமானத்தைத் துரத்தியபோது இருவரின் விமானங்களும் உரசியதால்தான். இதைத் தெரிந்துகொண்டு ஆடினால் உங்கள் அணி உருப்படும்.

கேமில் இல்லாதது நேர நெருக்கடி. இரண்டாம் உலகப் போரின் பிரிட்டிஷ் விமானமான ஸ்பிட்ஃபயரில் ஆரம்பத்தில் 8 துப்பாக்கிகள், ஆனால் தொடர்ந்து சுட்டால் 15 நொடிக்குத்தான் குண்டு தாங்கும். லண்டன் வரை வந்த மெஸ்ஸர்ஷ்மிட்டுக்கோ அங்கே சில நிமிடங்கள் சண்டை போடத்தான் எரிபொருள் மிஞ்சும். இங்கே லேசர் தானாக நிரம்பிக்கொள்கிறது, எரிபொருள் என்ற பேச்சே இல்லை. எரிபொருள் தீரும் ஒரு களமாவது வைத்திருந்தால் முழு மனதாகக் கொண்டாடியிருப்பேன்.

இன்னொன்று, செத்தவுடன் புதுக் கலத்தில் திரும்பி வருவது. கேம் என்றால் அப்படித்தான் இருக்க முடியும், அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் எனக்கு இந்திர லால் ராய் ஞாபகம் வந்துவிடுகிறது. கல்கத்தாவில் பிறந்த பையன், முதல் உலகப் போரில், 1918 ஜூலையில், பிரிட்டிஷ் எஸ்.இ.5ஏ விமானத்தில் இரண்டே வாரத்துக்குள் 10 வெற்றிகள். இந்தியாவின் ஏஸ் விமானி (ஐந்து விமானங்களாவது வீழ்த்தியவர்) என்றால் முதலில் அவர் பெயரைத்தான் சொல்வார்கள். அதே ஜூலை 22 அன்று பிரான்சின் வானில் வீழ்த்தப்பட்டார், வயது 19. அவருக்கு அடுத்த கலம் இல்லை.

வெளிவந்தபோது விலை 40 டாலர், இன்றும் அந்தக் காசுக்குத் தகும் என்பேன். கண்ட்ரோலரில் ஆடலாம், ஆனால் ஜாய்ஸ்டிக்கும் தனி திராட்டிலும் இருந்தால் தனி சுகம். ஆன்லைனில் போகப் பயமாக இருந்தால் கம்ப்யூட்டர் எதிரிகளோடு ஃப்ளீட் பேட்டில்ஸ் என்ற கப்பற்படைச் சண்டை ஆட்டத்தை ஆடிப் பழகுங்கள். விஆர் ஹெட்செட் இருந்தால் மட்டும் யோசிக்கவே வேண்டாம், தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்க முடிகிறது, குறிகளை அணைத்தபிறகு அதுதான் உயிரைக் காக்கும். ஒரு மணி நேரம் அப்படி ஆடியபின் என் கழுத்து இரண்டு நாள் வலித்தது. அந்தக் கால விமானிகள் கழுத்தில் பட்டுத் துணி சுற்றிக்கொண்டது இப்படித் திரும்பித் திரும்பிப் பார்த்துக் காலர் உரசி தோல் புண்ணாகாமல் இருக்கத்தான்.