முனைய வகையை லைன்தான் சொல்ல வேண்டும்: முப்பது ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

யூனிக்ஸ் இயங்குதளக் கணினியில் உள்நுழைபவரின் முனையம் (திரையும் விசைப்பலகையும் கொண்ட கருவி) எந்த வகை என்பதை 'டெர்ம்' என்ற சூழல் மாறி, அதாவது நிரல்கள் பார்த்துக்கொள்ளும் ஒரு மதிப்பு, வைத்திருக்கிறது. அதைப் புரொஃபைல் கோப்பில் (உள்நுழையும்போதெல்லாம் ஓடும் கட்டளைகளின் கோப்பு) ஒரே வகையாக எழுதிவைக்கக் கூடாது, முனையம் இணைந்திருக்கும் லைன்தான் அதைச் சொல்ல வேண்டும் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

1990களின் தொடக்கத்தில் சிங்கப்பூரின் ஜூரோங்கில் ஒரு நிறுவனத்தின் பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகையின் வழிவந்த கணினிகளைக் கவனித்துவந்தேன். அங்கிருந்த கன்சோலுக்கு (கணினியோடு நேரடியாக இணைந்த முனையம்) 34 வரிகள். அந்த வகையையே புரொஃபைலில் எழுதியிருந்தேன். ஓர் இரவு தோ பாயோவில் என் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டிலிருந்து மோடம் வழியாக நுழைந்து 'விஐ' என்ற உரைத்தொகுப்பானில் ஒரு கோப்பைத் திறந்தேன். என் முனையத்துக்கோ 24 வரிகளே. 25 முதல் 34 வரையிலான வரிகள் அனைத்தும் கடைசி வரியின் மீதே ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. கண்ணில் பட்டது ஒரு வரி, நான் அழித்தது வேறொரு வரி. அதைச் சரிசெய்ய விடியற்காலையில் ஜூரோங்குக்கு ஓட வேண்டியிருந்தது.

அதன்பின் 'ஈடிசி' அடைவிலுள்ள, லைன்களைப் பட்டியலிடும் 'டிடிஒய்எஸ்' கோப்பில் கன்சோல் லைனுக்கு அதன் உண்மையான வகையையும், மோடம் லைன்களுக்கு 'டயல்அப்' என்ற பெயரையும் இட்டு, முதல் செயல்முறையான 'இனிட்'டுக்கு, அந்தக் கோப்பை மீண்டும் படிக்கச் சொல்லும் 'ஹெச்யுபி' சமிக்ஞையை அனுப்பினேன். 'டயல்அப்' என்பது எந்த முனையத்தின் பெயரும் அன்று. எதிர்முனையில் என்ன இருக்கிறதென்று தெரியாது என்று கணினி நேர்மையாக ஒப்புக்கொள்ளும் பெயர். அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது. புரொஃபைலில், முனைய வகையை அமைக்கும் 'டிசெட்' கட்டளையின் 'எம்' விருப்பத்தேர்வில் 'டயல்அப்' என்பதற்கு எதிரே ஒரு கேள்விக்குறியும் 'விடி100' என்ற முனைய வகையும் எழுதிவிட்டால், அழைத்து வருபவரிடம் மட்டும் அது வகையைக் கேட்கும்; என்டர் விசையைத் தட்டினால் விடி100 என்றே எடுத்துக்கொள்ளும். கன்சோலில் அமர்ந்தவரை அது தொந்தரவு செய்வதில்லை.

நொடிக்கு 2400 பிட் அனுப்பும் அன்றைய மோடத்தில், எழுத்துக்குப் பத்து பிட் வீதம், நொடிக்கு 240 எழுத்துகளே வரும் என்பதால், 24 வரியும் 80 பத்தியும் கொண்ட திரை நிரம்ப 8 நொடிகள் ஆகும். தவறான வகையால் குழம்பிய திரையை மீண்டும் மீண்டும் வரையச் சொல்வது அப்போது பெரிய தண்டனை.

இப்போது மோடம் இல்லை. தரவு நிலையத்துச் சீரியல் கன்சோல் இருக்கிறது. லினக்ஸில், லைனைத் திறந்து உள்நுழைவைக் கேட்கும் 'ஏகெட்டி' கட்டளையின் கடைசிச் சொல்லாக 'விடி220' என்ற முனைய வகையைத் தருகிறேன். வலையமைப்பு வழியே உள்நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச், முனைய வகையோடு திரையின் அளவையும் சேர்த்து அனுப்புகிறது. சீரியல் கம்பிக்கு அந்த வசதி இல்லை. ஆகவே சீரியல் லைனில் நுழைந்தால் மட்டும் 'ரிசைஸ்' கட்டளை ஓடுமாறு புரொஃபைலில் வைத்திருக்கிறேன். அது கர்சரைத் திரையின் கடைக்கோடிக்குத் தள்ளி, எங்கே நின்றாய் என்று முனையத்திடமே கேட்டு அளவை அறிந்துகொள்கிறது.